ஒரு விரல் இடம்

முதல் செடியை எட்டு அங்குலத் தொட்டியில் வைத்தேன்.
தாராளமாக இருக்கட்டும் என்றுதான்.
மே மாதம், சத்துவாச்சாரி,
பிழிந்து உதறுவதற்குள் துணி உலர்கிற வெயில்.
அந்த வெயிலிலும் நடுவில் இருந்த கரி காயவே இல்லை.
வேர் எட்டாத இடத்தில்
குடிக்க ஆளில்லாத தண்ணீர் உட்கார்ந்திருந்தது.
பதினைந்தே நாள்.
பிடித்து இழுத்தேன்,
வேரின் தோல் மட்டும்
ஈரக் காலுறை மாதிரிக் கழன்று வந்தது.

ராணிப்பேட்டையில் எனக்கு வேலை
குழந்தைகள் ஷூவுக்கு அளவு பார்ப்பது.
பெருவிரலுக்கு முன்னால் அரை அங்குலம்,
வளர்கிற கால் அது,
ஆர்டர் தாளிலேயே அச்சடித்து வரும்.
பதினொரு வருஷம்
அந்த அரை அங்குலத்தை அழுத்திப் பார்த்த கட்டைவிரல் இது.
ஒரு நூல் கூடினாலும் திருப்பி அனுப்பும்.
தொட்டிக் கடையில் மட்டும்
அதற்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை.
நாலுக்கும் எட்டுக்கும் இருபது ரூபாய்தான் வித்தியாசம்.
இருபது ரூபாய்க்கு எதிர்காலம் கிடைத்தால்
யார் விடுவார்கள்?

வீட்டையும் அப்படித்தான் கட்டினோம்.
கிழக்கு அறைக்கு மஞ்சள் பெயின்ட்.
ஜன்னலுக்குக் கீழே தாழ்வாக ஓர் அலமாரி,
எக்கினால் கைக்கு எட்டுகிற உயரத்தில்.
எக்க யாரும் வரவில்லை.
இளவழகன் அதில் பழைய மின்சார ரசீதுகளை அடுக்கினார்.
ஒவ்வொரு ஐப்பசியிலும்
அந்த அறைச் சுவரில் மட்டும் பூஞ்சை.
மேஸ்திரி தட்டிப் பார்த்தார்.
குழாய் கசியவில்லை.
"ஆள் புழங்கினா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு
எங்கள் இருவரையும் பார்க்காமல்
டீயைக் குடித்தார்.

போன ஆவணியில் வாடகைக்கு விட்டோம்.
அகர்தலாவிலிருந்து மினதியும் அவள் கணவரும்.
அவருக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று மாத வைத்தியம்.
ஓர் அடுப்பு, இரண்டு பாய்,
அலமாரி நிறைய எக்ஸ்ரே உறைகள்,
கதவிடுக்கில் கடுகெண்ணெய் வாசனை.
அந்த ஐப்பசியில் பூஞ்சை வரவில்லை.
நான் சுவரைத் தடவிப் பார்த்ததை
யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாவது செடி வாங்கியபோது
அதே தொட்டியைக் கழுவி வைத்திருந்தேன்.
மினதிக்குத் தமிழ் காய்கறி வாங்குமளவுக்குத்தான் தெரியும்.
"பெரிசு" என்றாள்.
பிறகு தொட்டியைக் காட்டி, "கத்தரிக்கா" என்றாள்.
சிரித்துவிட்டு, அரிசி களையப் போய்விட்டாள்.

அப்புறம் நானே உட்கார்ந்தேன்.
இலை எவ்வளவு நீளம் என்று பார்க்கவில்லை.
கறுத்த வேர், கூடு விட்ட வேர், எல்லாவற்றையும் நறுக்கினேன்.
மிச்சம் ஒரு பிடி.
அதைக் கையில் சேர்த்துப் பிடித்தால்
என்ன அளவோ, அதுதான் அளவு.
சுற்றி ஒரு விரல் நுழைந்தால் போதும்.
நாலு அங்குலம்.
பார்க்கப் பாவமாக இருந்தது,
பெரிய பெண்ணுக்குச் சின்னப் பாவாடை கட்டினாற்போல.
இஸ்திரி வண்டி மோசஸ் கொடுத்த கரி,
அடியில் கவிழாமல் இருக்க இரண்டு ஜல்லி,
தண்டைக் குச்சியோடு கட்ட
கம்பெனியில் கழித்துப்போட்ட ஒற்றை லேஸ்.

மறுநாள் கம்பெனி பஸ் பாலாற்றுப் பாலத்தில் போனது.
அவ்வளவு அகல மணலில்
ஓரமாக ஒரு நூல் தண்ணீர்.
யார் இதற்கு இவ்வளவு பெரிய தொட்டி எடுத்தது என்று
எனக்குள் சிரித்துக்கொண்டேன்.
பக்கத்து சீட் ஷம்ஷாத் என்னவென்று கேட்டாள்.
ஒன்றுமில்லை என்றேன்.

கார்த்திகையில் அவர்கள் ஊருக்குப் போனார்கள்.
அவர் தானே நடந்துபோய் ஆட்டோவில் ஏறினார்.
அறைக்கு அடுத்த வாரம் வேறு யாரோ வருகிறார்கள்,
ராஞ்சியாம்.

ஆர்க்கிட் இன்னும் பூக்கவில்லை.
பச்சை நுனியோடு ஒரு வேர்
தொட்டி விளிம்பைத் தாண்டிக் காற்றில் நிற்கிறது.
மடக்கி உள்ளே விடலாமா என்று விரல் போனது,
எடுத்துக்கொண்டேன்.

எட்டு அங்குலத்தில் இப்போது
இலவம்பாடி முள்ளுக்கத்தரி.
இன்று காலை
ஊதாவாக, ஒன்று.