பிடிக்கவில்லை

மாதக் கடைசியில்
முப்பத்தேழு வாசிப்புப் பதிவேடுகள்
என் மேசைக்கு வரும்,
ரப்பர் பேண்டு மாட்டி,
மேலே ஒரு காய்ந்த ஈசலோடு.

நூலின் தலைப்பு. ஆசிரியர். பக்கம்.
கதைச் சுருக்கம், பின்னட்டையில் உள்ளபடி.
கருத்து:
இக்கதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

முப்பத்தேழு பேருக்கும் பிடித்திருந்தது.
ஐந்தாம் ஆண்டு தர்வினேஷுக்கு
அகராதியின் கதையும் பிடித்திருந்தது.
நானும் சிவப்பு மையில் கையொப்பமிட்டு
நட்சத்திரம் ஒட்டினேன்.
நூறு நூலுக்குத் தங்க நிறம்.
மாவட்டத்தில் நாங்கள் இரண்டாமிடம்.

புத்தகங்களா?
கண்ணாடி அலமாரிக்குள் பத்திரமாக இருந்தன.
லாபிஸில் மழை பிடித்தால்
செம்பனைக்கு நல்லது, காகிதத்துக்கு ஆகாது என்று
என் காசில் நான் வாங்கிய பூட்டு.
வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் திறப்பேன்.
கையைக் காட்டு. கழுவினாயா?
மடக்காதே. எச்சில் தொட்டுப் புரட்டாதே.
மணி அடித்ததும் எண்ணி அடுக்குவேன்,
லோரி ஏற்றுகிறவர்கள் குலை எண்ணுவதுபோல.

ஜூலையில் சாவி தொலைந்தது.
காவலாளி ஒரே அடியில் பூட்டை உடைத்தார்,
கூடவே கதவின் கீலையும்.
புதுக் கதவுக்கு பாரம் எழுதிப் போட்டேன்.
பதில் வரவில்லை. இன்றுவரை.

அந்த வாரமே பதினொன்று காணவில்லை.
அடுத்த வாரம் பத்தொன்பது.
சிற்றுண்டிச்சாலை பெஞ்சுக்கடியில் ஒன்று கிடைத்தது,
கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டிமேல் ஒன்று.
குலை லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால்
வீடு சேர முக்கால் மணியாகும் பள்ளி வேனில்
கிஷாலினியும் லோகஸ்ரீயும் ஒரே பக்கத்தைப் படித்தார்களாம்.
முன்னால் முடித்தவள்
மற்றவளுக்காகத் தாளின் மூலையைப்
பிடித்தபடியே காத்திருந்தாளாம்.
வேன்காரர்தான் சொன்னார்.
சத்தமே இல்லையென்று பயந்து,
யாரையும் விட்டுவிட்டு வந்துவிட்டோமோ என்று
வண்டியை ஓரங்கட்டித் தலைகளை எண்ணினாராம்.

சில திரும்பி வந்தன.
மைலோ வட்டத்தோடு, சம்பல் எண்ணெயோடு,
ஒன்றின் ஓரத்தில் பென்சிலில்
'அடுத்த பக்கம் பயமா இருக்கும்' என்ற எச்சரிக்கையோடு.
நான்கு வரவே இல்லை.
இருப்புப் பட்டியலில் அவற்றுக்கு நேரே
'உள்ளது' என்றே எழுதினேன்.
எங்கேயோ உள்ளதுதானே.

மாதக் கடைசியில் மறுபடி பதிவேடுகள்.
மூன்றாம் ஆண்டு கவிலேஷ்,
எழுத்துக்கூட்டிப் படிப்பவன்,
ஒவ்வொரு 'ழ'வுக்கு முன்னாலும் நின்று மூச்சு வாங்குபவன்,
அவனுடையதில் சுருக்கம் இல்லை. பக்க எண் இல்லை.
கருத்து மட்டும்:

பிடிக்கவில்லை.
யானை மண்ணிப்பு கேட்டுச்சி.
ஆனா எறும்பு வீடு ஒடஞ்சேதான் இருக்கு.
எல்லாரும் ஏன் கை தட்டுறாங்க?

மன்னிப்புக்கு மூன்று சுழி போட்டிருந்தான்.
சிவப்புப் பேனா அதன்மேல் கொஞ்சம் நின்றது.
பிறகு மூடியைப் போட்டேன்.
இதற்கு எந்த நிற நட்சத்திரம் என்று
சுற்றறிக்கையில் இல்லை.

அந்தப் புத்தகத்தை
நான்கு வருடத்துக்கு முன் வாங்கியவள் நான்.
முத்திரை குத்தி, எண் ஒட்டி,
பிளாஸ்டிக் உறை போட்டவளும் நான்.
படித்தது அன்று மாலைதான், பேருந்தில்.

அவன் சொன்னது சரி.
கடைசிப் பக்கம் முழுக்கக் கை தட்டுகிறார்கள்.
வலது மூலையில், யானையின் காலுக்குப் பின்னால்
மண் அப்படியே சரிந்து கிடக்கிறது.
வரைந்தவருக்கும் தெரிந்திருக்கிறது.

மறுநாள் அவனைக் கூப்பிட்டு
வேறு எது பிடிக்கவில்லை என்று கேட்க நினைத்தேன்.
கேட்கவில்லை. கேட்டால்
அதற்கும் ஒரு கட்டம் போட்டு, அடுத்த மாதம்
முப்பத்தேழு பேருக்கும் பிடிக்காமல் போகும்.

ஓய்வு நேரத்தில்
சாத்த முடியாத அந்தக் கதவுக்கு முன்னால் நின்றிருந்தான்,
தலையைத் தோளில் சாய்த்து
புத்தக முதுகுகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு.
கை கழுவியிருக்கவில்லை.

என் நிழல் கண்ணாடியில் விழாதபடி
கொஞ்சம் தள்ளிப் போனேன்.