கரண்ட் போன நேரம்

ஏகாம்பரகுப்பத்தில் எங்கள் தறி நிற்பது
கரண்ட் போனால் மட்டும்தான்.

எட்டாம் மாதம்
பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகப்
பிரமீளா சிஸ்டர் சொன்னார்:
சாப்பிட்டதும் இடப்பக்கம் ஒருக்களித்துப் படு,
பிள்ளை அசைவதை எண்ணு.
ரெண்டு மணி நேரத்தில் பத்து வராவிட்டால்
யாரையும் கேட்காதே, கிளம்பிவிடு.

எப்படி எண்ணுவேன்?
வீட்டுக்குள்ளேயே நான்கு தறி.
தரை அதிர்கிறது, கட்டில் அதிர்கிறது,
கிண்ணத்து ரசம் வட்டம் வட்டமாய் நடுங்குகிறது.
உதைப்பது நீயா, எகிறும் நாடாவா என்று
வயிற்றில் கை வைத்து
எத்தனை முறை ஏமாந்திருக்கிறேன்!

நிறுத்தச் சொன்னால்
தேசிங்கு முகத்தில் மீட்டர் ஓடும்.
அவர் கெட்டவரில்லை. வட்டி கெட்டது.

அதனால் மின்வெட்டுக்குக் காத்திருந்தேன்.
ஆறரைக்குப் போகும்.
தெருவுக்கே காது அடைத்தாற்போல் இருக்கும்.
அப்போது நீ வருவாய்:
விலாவுக்குக் கீழே ஒரு குதிகால், ஒன்று.
கொஞ்சம் பொறுத்து முழங்கையோ என்னவோ, இரண்டு.
ஊரே கரண்ட்காரனைத் திட்டும்போது
நான் மட்டும் அவனுக்குக்
கற்பூரம் காட்டத் தயாராக இருந்தேன்.

பையும் கட்டி வைத்தாயிற்று.
பழைய லுங்கி கிழித்துத் துவைத்து
வெயிலில் காய்ந்த துணி ஆறு,
மிச்ச இரும்பு மாத்திரை,
நகரியில் தந்த தெலுங்கு அட்டை,
திருத்தணியில் போட்ட தமிழ் அட்டை.
அதில் ரத்தம் ஒன்பது புள்ளி இரண்டு,
இதில் ஒன்பது புள்ளி எட்டு.
நடுவில் எங்கோ என் ரத்தம்
எல்லை தாண்டிக்கொண்டிருந்தது.

ஒரு வியாழக்கிழமை
எட்டரை ஆகியும் கரண்ட் வரவில்லை.
நான்கில் நின்றுவிட்டாய்.
தண்ணீர் குடித்தேன். புரண்டு படுத்தேன்.
பேர் வைக்காத உன்னை ‘ஏய்’ என்று கூப்பிட்டேன்.
நான்கு.
நான்கு.

நூற்றியெட்டை அழுத்தினால்
எந்த டவர் பிடிக்கும் என்று எங்கள் தெருவில்
போனுக்கே தெரியாது.
தமிழில் ஒருத்தி எந்த மாவட்டம் என்றாள்.
சித்தூர் என்றதும், இருங்க மாத்தித் தரேன் என்றாள்.
மாறும்வரை தேசிங்கு நிற்கவில்லை.
நூல் ஏற்றிய மினி வேனில்
மூட்டைகளுக்கு நடுவே என்னைப் படுக்க வைத்து
இடப்பக்கம், இடப்பக்கம் என்று
வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.
செக்போஸ்ட்டில் டார்ச் அடித்தவர்
என்ன சரக்கு என்றார்.
இவருக்கு வாய் வரவில்லை.
உள்ளேயிருந்து நான்தான் கையைத் தூக்கினேன்.

திருத்தணியில் வயிற்றின் மேல் கருவியை வைத்தார்கள்.
டக்கட டக்கட டக்கட,
இடையில் தடுமாறி, மறுபடியும் டக்கட.
ஒரு தறிச்சத்தம் நிற்கவே கூடாது என்று
வாழ்க்கையில் முதன்முறையாக வேண்டிக்கொண்டேன்.

ஒரு கிலோ எண்ணூற்று ஐம்பது.
கழுத்தில் இரண்டு சுற்றுக் கொடி.
நாக்கில் சர்க்கரைத்தண்ணி வை என்றாள் பக்கத்துக் கட்டில்காரி.
டாக்டரம்மா பார்த்த பார்வையில் அவள் போர்த்திக்கொண்டாள்.
மஞ்சளாய் வந்த முதல் பால்
மூன்றே சொட்டு, பாலாடையில். விழுங்கினாய்.

எனக்குத் தையல்.
தேசிங்கைச் சட்டை கழற்றச் சொன்னார்கள்.
நெஞ்சு முடியெல்லாம் பஞ்சு.
குளித்துவிட்டு வா என்று துரத்தினாள் நர்ஸ்.
ஈரத்தலையோடு வந்தவர் மார்பில்
தவளைக்குஞ்சு போல் உன்னை ஒட்டவைத்துத்
துணியால் சுற்றினார்கள்.
சிலையாக உட்கார்ந்திருந்தார்.
மூச்சு விடலாங்க என்றாள் நர்ஸ்.

இப்போது இரண்டு கிலோ எழுநூறு.
நான்கு தறியும் ஓடினால் தூங்குகிறாய்.
கரண்ட் போனால் வீறிடுகிறாய்.
இருட்டில் உன்னை மார்பில் போட்டுக்கொண்டு,
பழக்கதோஷம்,
ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறேன்.