கத்தி படாத ஏழாவது

கொயிம்ப்ராவில் நான்கு நாளாக மழை.
பேராசிரியர் அபீலியு சர்மெந்துவின் புத்தகங்களுக்கு
விலை போட வந்திருக்கிறேன்.
ஈரக் குடையைக் குளியல் தொட்டியில் போடச் சொல்கிறார்
அவர் மனைவி தெயொலிந்தா.
கருப்பு உடுத்தவில்லை. கையில் கிழங்கு சீவும் கத்தி.

என் தொழிலில் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு:
இதெல்லாம் நீ படித்திருக்கிறாயா?
எடை தெரியும், அட்டை தெரியும்,
எந்தப் பதிப்பில் எந்தப் பக்கம்
தலைகீழாய் அச்சானது என்று தெரியும்.
கறிக்கடைக்காரன் ஆட்டிடம் பேர் கேட்பதில்லை.

சொல்லிவிடுகிறேன், மழையில் யாருக்கும் கேட்காது.
கருப்பு வெள்ளையில் ஐந்து மணிநேரம் ஓடிய படத்தில்
முதல் குதிரை வந்ததும் தூங்கிவிட்டேன்.
வெளியே வந்து, "அந்த மௌனம் இருக்கிறதே" என்றேன்.
நால்வர் தலையாட்டினார்கள்.
ஒருவன் கன்னத்தில் இருக்கைத் துணியின் வரி.
தேவாலயப் படிக்கட்டில் மாணவர்கள் ஃபாதோ பாடினால்
எங்கள் ஊரில் கைதட்ட மாட்டோம், தொண்டையைச் செருமுவோம்.
நான் நன்றாகச் செருமுவேன்.
உள்ளே வருமானவரிக் கணக்கு ஓடும்.
எனக்குப் பிடித்தது லாரிக்காரர்களின் அக்கார்டியன் பாட்டு.
இரட்டை அர்த்தம்,
இரண்டும் ஒரே அர்த்தம்தான்.
கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்கிறேன்.

மூன்றாம் தட்டில் அது இருந்தது.
ஏழு தொகுதி நாவல். 'ஏழு' என்றாலே போதும் எங்கள் ஊரில்,
பணக்கார அத்தையைச் சொல்வதுபோல்.
முப்பத்தோரு வருடம் அதைத்தான் நடத்தினார் சர்மெந்து.
நானும் இருந்தேன், கடைசி பெஞ்சில்.
நாயகன் உப்பளம் கடந்து வீடு திரும்புகிறான்,
செருப்பைக் கையில் பிடித்தபடி.
வாசலில் நிற்கும் மனைவி
அவன் கால்களைத்தான் முதலில் பார்க்கிறாள்.
இங்கே வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார்.
அந்தக் கால்களைப் பற்றி நான்கு பக்கம் எழுதினேன்.
இருபதுக்குப் பதினேழு.
என் கல்யாண விருந்திலும் சொன்னேன், மாமனார் அழுதார்.
நான் படித்தது
இரண்டாம் தொகுதி, நாற்பத்தொன்றாம் பக்கம் வரை.
அடையாளத்துக்கு வைத்த பேருந்துச் சீட்டு
அங்கேயே நிற்கிறது.
அந்த வழித்தடத்தையே நிறுத்திவிட்டார்கள்.

புரட்டினேன். புரளவில்லை.
பழைய கட்டு. மடிப்பை வெட்டினால்தான் பக்கம் பிரியும்.
முதல் தொகுதியில் பாதி வரை வெட்டியிருந்தது.
பிறகு ஒரு மடிப்பிலும் கத்தி படவில்லை.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார் மனிதர்.
நாங்களும் முப்பத்தோரு வருடம் சாப்பிட்டிருக்கிறோம்.
பின்னடுக்கில் கௌபாய் நாவல்கள், இருநூறு இருக்கும்.
முதுகொடிந்து, காபிக் கறையோடு.
ஓரத்தில் பென்சிலில், அவருடைய சாய்ந்த கையெழுத்தில்:
"சுடடா, முட்டாளே!"

"அவருக்குப் பொறுமை கிடையாது" என்றார் தெயொலிந்தா.
"வெட்டாமலிருந்தால் விலை போகும் என்று யாரோ சொன்னார்கள்.
பிறகு தொடவே விடவில்லை.
நகராட்சி நூலகத்தில் நான்தான் எடுத்துப் படித்து
சமைக்கும்போது கதை சொல்வேன்.
விடிந்தால் அது பாடம்."
கிழங்கைத் திருப்பினார். தோல் அறாமல் இறங்கியது.
"ஏழாவதை மட்டும் எவனோ எடுத்துப்போய்த் திருப்பவில்லை.
இவரோ நாளைக்கு வகுப்பு என்று நிற்கிறார்.
என் அப்பா ஃபிகெய்ராவில் உப்பளத்து வேலைக்காரர்.
செருப்பு தேயுமென்று கையில் பிடித்துத்தான் வருவார்.
அம்மா முதலில் காலைப் பார்ப்பாள்.
வெடிப்பில் உப்பு ஏறியிருக்கும்."

யாருமா கண்டுபிடிக்கவில்லை?

"முப்பத்தோரு வருடம் காத்திருந்தேன்.
ஒரு பிள்ளையாவது கையைத் தூக்கும் என்று."

வெட்டாத பிரதிக்கு விலை கூடுதல் என்றேன். அது உண்மை.
கௌபாய்கள் எனக்கே வேண்டும் என்றேன். அதுவும்.
கத்தியை ஏப்ரனில் துடைத்து நீட்டினார்.
"நிஜ முடிவு வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள்.
எனக்குச் சொல்ல வேண்டாம்."

மேசையில் ஏழாவது.
பதினேழு மதிப்பெண், மாமனார்.
கத்தியை வாங்கிக்கொண்டு
கூடையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்தேன்.
நான் சீவிய தோல்
மூன்று இடத்தில் அறுந்தது.