நாற்பத்தொன்று, மூன்றாம் நாள்

காலை ஐந்தேகாலுக்கு இரத்தம் எடுப்பவள் நான்.
தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரி, தீவிர சிகிச்சைப் பிரிவு,
ஏழாம் கட்டில்.
ஆய்வுக் குழாயில் பெயர் எழுதக் கூடாது,
நாற்பத்தொன்று என்று ஒட்டினேன்.
உத்திராபதி என்பது எனக்குத் தெரியும்.
சம்மதப் படிவத்தில் பெருவிரலை ஒற்றிவிட்டு
மையைச் சேலை ஓரத்தில் துடைத்துக்கொண்டே
மாரிக்கண்ணு மூன்று முறை சொன்னாள்.

தலைஞாயிறு தாண்டி ஊர்.
எலிக்கிட்டி வைக்கிறவர்.
மூங்கில் வில், இழுத்துக் கட்டிய நாண், நடுவில் இரை.
பொழுது சாய இருநூறு கிட்டி நட்டு
விடியுமுன் சேற்றில் இறங்கி எண்ணுவார்.
எலிக்கு இவ்வளவு என்று கூலி.
குதிகால் வெடிப்பு வழியாக ஏறியதாம் காய்ச்சல்.
முதலில் கண் சிவந்தது, அப்புறம் மஞ்சளானது,
அப்புறம் சிறுநீர் நின்றது,
அப்புறம் மூச்சு இவருடையதாக இல்லை.

இதெல்லாம் கேஸ் ஷீட்டில் இருக்கிறது.
நான் எடுத்துப்போனது வேறொன்றுக்காக.

நரம்புக்குள் ஓர் இழை உண்டு.
நரம்பு நைந்தால் அது கழன்று இரத்தத்தில் மிதக்கும்.
வடவாற்றில் ஒரு சொட்டு நீலம் விட்டுவிட்டு
அடுத்த பாலத்தில் நின்று தேடுகிற மாதிரி வேலை.
இங்கே அதற்கு மெஷின் இல்லை.
சுழற்றி, தெளிநீரைப் பிரித்து,
மைனஸ் எண்பதில் உறையவைத்துக் காத்திருக்க வேண்டும்.
கரண்ட் போனால் ஜெனரேட்டர் உறுமும் வரை
நான் ஃப்ரீசர் கதவில் கைவைத்து நிற்பேன்,
ஏதோ அதற்குக் காய்ச்சல் போல.

ஒன்பதாம் நாள் தூக்க மருந்தை நிறுத்தினார்கள்.
கண் திறந்தது. மாரிக்கண்ணு போகிற பக்கமெல்லாம் போனது.
காலை மடக்குங்க என்றார் டாக்டர்.
மடங்கவில்லை.
"கூப்பிட்ட ஒடனே அது என்னிக்கு எந்திரிச்சிச்சு" என்றாள்,
சிரிப்பு வரும் என்று நினைத்தாள் போல.
சுத்தியலால் முழங்காலைத் தட்டினார்.
ஒன்றும் இல்லை. மறுபடி தட்டினார்.
"நீளமான நரம்புதாம்மா மொதல்ல அடிபடும்.
பாதத்துலதான் ஆரம்பிக்கும்."
"கடைமடை" என்றாள் அவள்.
டாக்டர் எட்டாம் கட்டிலுக்குப் போயிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து
பெங்களூரிலிருந்து எக்ஸெல் ஷீட் வந்தது.
நாற்பத்தொன்று:
முதல் நாள் பதினெட்டு.
மூன்றாம் நாள் இருநூற்றுப் பத்து.
ஏழாம் நாள் தொள்ளாயிரத்தைத் தாண்டி.
"அழகான கர்வ்" என்றார் எங்கள் புரொஃபசர்.
அழகுதான். நானும் பார்த்தேன்.

மூன்றாம் நாள் காலை எனக்கு நினைவிருக்கிறது.
ஏசி குளிருக்கு அவர் பாதத்தில் போர்வையை
இழுத்துவிட்டேன். நகத்தில் இன்னும் சேறு.
குழாய் என் உள்ளங்கையில் சூடாக இருந்தது.
அதற்கு அப்போதே தெரிந்திருக்கிறது.
தெரிந்து என்ன? மருந்து இல்லை.
கொஞ்சம் முன்பே காலை நீவி, மடக்கி, நீட்டி,
கணுக்கால் தொங்கிவிடாமல் தலையணை கொடுத்து...
அவ்வளவுதான்.
அவ்வளவையாவது.

பங்கேற்பாளரை அழைக்கக் கூடாது என்பது விதி.
மத்தியானம் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று
அழைத்தேன்.
மாரிக்கண்ணுதான் எடுத்தாள்.
பின்னால் ஆடு கத்தியது.
வீட்டுக்கு வந்து ஒரு மாசமாச்சு என்றாள்,
கை தேவலை, டம்ளர் பிடிக்குது,
கிட்டியெல்லாம் கொழுந்தனார்கிட்ட குடுத்தாச்சு.

கால்?

கொஞ்ச நேரம் ஆடு மட்டும்.

"கொசு கடிச்சா தெரியுதாம்.
நேத்திக்குத்தான் சொன்னிச்சு.
வெரட்ட முடியல, ஆனா தெரியுதாம்.
அது நல்லதாம்மா?"

நல்லதுதான் என்றேன்.
எந்த ஷீட்டிலும் எழுத ஒரு கட்டம் இல்லை.
உள்ளே நாற்பத்தொன்பதுக்கு
ஊசி பிரித்து வைத்திருந்தது.