ஒரு மீட்டர் பத்து

நாங்கள் நாலு பேர், ஒரு பிளாட்டர்,
ஒரு கால் குட்டையான கோப்பி மெஷின்.
பூர்க்டோர்ஃபில் முன்பு சீஸ் அடுக்கிவைத்த கட்டடத்தின்
இரண்டாம் மாடி.
மழை நாளில் மரத்தளம் இன்னும்
லேசாகப் புளித்து மணக்கும்.
வந்தவர் மூக்கைச் சுளித்தால்
வெரேனா யன்னலைத் திறந்து
ஆல்ப்ஸ் இருக்கவேண்டிய திசையைக் காட்டுவாள்.
வாடகையில் அதுவும் சேர்த்தி.

கட்டியதைப் படமெடுத்து அனுப்பு என்று
கிளிநொச்சியிலிருந்து அக்கா கேட்பாள்.
பன்னிரண்டு வருடத்தில்
இரண்டு சைக்கிள் கொட்டகை,
ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசை,
போட்டிகளில் மூன்று முறை நாலாமிடம்.
பிறகு இந்தப் பாலர் பாடசாலை.
அதற்கும் அனுப்ப என்னிடம் இருந்தது
புல்வெளியில் ஆறு கம்பங்கள் நிற்கும் படம்.
வேலி போடுகிறீர்களா, என்றாள்.

இங்கே சட்டம் அப்படி.
கட்டுமுன் கம்பம் நட வேண்டும்,
மூலைக்கு ஒன்று,
கூரைச் சரிவுக்கு உச்சியில் ஒரு சட்டம்.
பிறக்காத வீட்டின் எலும்புக்கூடு
ஒரு மாதம் வெளியில் நிற்கும்.
யாரும் வந்து அண்ணாந்து பார்க்கலாம்.
யாரும் வேண்டாமென்று எழுதலாம்.

எழுதினார் திருமதி க்ரேஹன்பூல்.
காகமேடு என்று அர்த்தம் வரும் பெயர்.
கட்டம் போட்ட தாளில், நீலப் பேனாவில்:
"நவம்பரில் மூன்று பத்திலிருந்து மூன்று ஐம்பதுவரை
என் சமையலறை மேசைக்கு வெயில் வருகிறது.
உங்கள் கூரை அதை எடுத்துக்கொள்ளும்."

சட்டப்படி நாம் வெல்வோம், என்றாள் வெரேனா.
பழகுநர் டாரியோ நிழலை ஓடவிட்டுப் பார்த்து
நாற்பது நிமிடமும்தான் போகும், என்றான்
திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

பஸ்ஸுக்கு நேரமிருந்தது. போனேன்.
தேநீர் தரவில்லை. கதிரையும் காட்டவில்லை.
மேசை விரிப்பைக் கையால் தடவிவிட்டார்.
பச்சை விரிப்பு.
யன்னல் பக்கம் சாய்ந்த நாற்கோணமொன்று மட்டும்
வெளுத்து, கிட்டத்தட்ட வெள்ளை.
டேப்பை எடுத்து அளந்தேன்:
தொண்ணூறுக்கு அறுபத்திரண்டு.
ஒன்றுக்கு ஒன்று அளவில்
எத்தனையோ நவம்பராக வரையப்பட்ட வரைபடம்.
திருத்தம் இல்லை, கையொப்பம் இல்லை.
"பிள்ளைகள் கத்தட்டும்," என்றார் வாசலில்.
"அதற்கு நான் எழுதவில்லை."

வெரேனா ஆப்பிளை விதையோடு தின்று முடித்தாள்.
எவ்வளவு, என்றாள்.
ஒரு மீட்டர் பத்து.
முப்பத்தைந்து படிக்கட்டில், இரண்டு படி போகும்.
எழுபத்தைந்து கூரைச் சரிவில்.
காற்றுக் குழாய் படுக்கவேண்டும்.
குழாய்க்காரர் திட்டுவார்.
திட்டினார்.

நாற்பத்தொரு தாள்.
சி என்றிருந்த மூலையில் டி.
வெட்டுமுகத்தில் ஒரு கோடு இறங்கினால்
இருபது கோடு கூடவே இறங்கவேண்டும்,
ஒன்று மறந்தாலும்
ஆறு மாதம் கழித்து ஒரு தச்சன் போனில் கூப்பிடுவான்.
இரவு பதினொன்றுக்கு நேரப் பட்டியலைத் திறந்தேன்.
வரைவு, அனுமதி, டெண்டர், மேற்பார்வை,
எல்லாவற்றுக்கும் ஒரு எண் இருக்கிறது.
வெயிலைத் திருப்பிக் கொடுத்த மணிகளை
'இதர' என்று போட்டேன்.

அந்த மாதம் வெரேனா தன் சம்பளத்தை எடுக்கவில்லை.
கணக்கு நான்தான் பார்க்கிறேன்.
இரண்டு பேரும் அதைப் பேசவில்லை.

கம்பங்களைத் தாழ்த்த ஆட்கள் வந்த காலையில்
உச்சிச் சட்டத்தில் ஒரு காகம்.
எழுந்தது, வட்டமிட்டது,
வேலை முடியும்வரை குப்பைத்தொட்டியில் காத்திருந்து
புதிய உயரத்தில் போய் உட்கார்ந்தது.
கட்டம் போட்ட தாளில் இன்னொரு கடிதம் வந்தது.
ஒரே வரி: "மறுப்பை மீட்டுக்கொள்கிறேன்."
நன்றி இல்லை. ஏன் இருக்கவேண்டும்.

டாரியோ மாதிரியின் கூரையைக் கழற்றிச்
சுவரைச் சுற்றிலும் சீவினான்.
ஒன்றுக்கு நூறில் ஒரு மீட்டர் பத்து என்பது
பதினொரு மில்லிமீட்டர்ச் சாம்பல்நிற அட்டை.
அந்தக் கீற்றை மடித்துக்
கோப்பி மெஷினின் குட்டைக் காலுக்கு வைத்தான்.

இப்போது அது ஆடுவதில்லை.
பால் இன்னும் நுரைக்கவில்லை.