பொட்டு

பள்ளிக்கூட மணி
எங்கள் குசினிக்குள் கேட்கும்.
ஜன்னலைத் திறந்தால் அதன் கூரை தெரியும்,
கூரையில் சண்டை பிடிக்கும் புறாக்கள் தெரியும்.
ஆனாலும் மகளைக் காரில்தான் கொண்டுபோகிறேன்.
போக ஒன்றரை மைல்.

பீட்டர்பரோவின் இந்த விளிம்பில்
தெரு போட்டவர்
நனைந்த கயிற்றை உதறிப் போட்டதுபோல் போட்டிருக்கிறார்.
ஒவ்வொன்றும் வளைந்து போய்
யாரோ ஒருவரின் கராஜ் கதவில் முட்டி நிற்கும்.
எல்லாவற்றுக்கும் பறவைப் பெயர்.
எங்களுடையது ஆட்காட்டித் தெரு.
ஓர் ஆளைக் காட்டியதில்லை.

வீட்டுக்குப் பின்னால் பலகை வேலி.
இந்தப் பக்கம் ஒரு கம்பனி கட்டியது,
அந்தப் பக்கம் இன்னொன்று.
நடுவில் ஒரு முழ அகலத் துண்டு நிலம்
யாருக்குச் சேரும் என்று
வக்கீல்கள் ஒன்பது வருடமாய்
ஒருவருக்கொருவர் கடிதம் எழுதுகிறார்கள்.
சாம்பவிக்கும் ஒன்பது வயது.
அந்தக் கடிதங்கள்
அவளைவிடக் கூடுதல் தூரம் தனியாகப் போயிருக்கின்றன.

எனக்குச் சீனி வருத்தம்.
நடவுங்கள் என்றாள் நர்ஸ் பெர்னடெட்.
நடந்தேன். நடைபாதை
ஒரு விளக்குக் கம்பத்தடியில்
சொல்லாமல் கொள்ளாமல் முடிந்தது.
திரும்பினேன். மறுபடி சுற்றினேன்.
மூன்றாம் சுற்றில், கார் கழுவிக்கொண்டிருந்தவர்
எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார்.

நீங்கள் சின்னனில் தனியாகப் போனீங்களா அப்பா?
போனேன். அந்த ரோட்டில் சென்றி இருந்தது.
பையைத் திறந்து காட்டிவிட்டுப் போனேன்.
ஏங்குவதற்கு அதில் ஒன்றுமில்லை.
ஆனால், போனேன்.

மார்ச் புயலில் ஒரு தட்டி சரிந்தது.
வேலியில் ஆள் நுழையுமளவு வெளிச்சம்.
பொட்டு.
விமானத்தில் நிறை கட்டாமல் வந்த சொல்,
இருபது வருடம் பாவிக்காமல் கிடந்தது.

திங்கட்கிழமை அவள் பொட்டால் போனாள்.
நூற்று நாற்பது காலடி, நான் குசினியில் நின்று எண்ணினேன்.
நூற்றுப் பத்துக்குமேல் அவள் தெரியவில்லை.
மிச்சத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன்.
செவ்வாய் அடுத்த வீட்டு ரூபர்ட்டும் சேர்ந்தான்.
வெள்ளிக்கிடையில் ஏழு பிள்ளைகள், ஒரு ஸ்கூட்டர்,
பால் வாங்கப் போன கார் கழுவுகிறவர்.
அவர் பெயர் கீத் என்று அன்றைக்குத்தான் தெரியும்,
ஆறு வருடத்துக்குப் பிறகு.

பள்ளிக்கு வரும் வழியை
வகுப்பில் கீறச் சொன்னார்களாம்.
போன தவணை கீறியதில் என் பின்தலை இருந்தது,
வழுக்கையோடு.
இந்தத் தவணை நான் இல்லை.
நத்தை ஒன்று. சேற்றுக்குழி. தும்மும் பூனை.
யாரோ வீட்டு மணி, சிவப்பில்.
இது அடிச்ச இடமில்லை,
அடிப்பமோ என்று நினைச்ச இடம்.

பன்னிரண்டாம் நாள் கம்பனி வான் வந்தது.
புதுத் தட்டி, கொங்கிரீட் தூண்.
பொருத்திய பெடியன் நல்லவன்,
தேத்தண்ணி குடித்தான், மன்னிக்கச் சொன்னான்.
அவன் ஒட்டிப் போன தாளில்
பாதுகாப்பு என்ற சொல் நான்கு தரம் இருந்தது.

அடுத்த நாள் காரில்
அவள் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு
ஒன்றும் பேசவில்லை.
சிவப்பு விளக்கில் மட்டும்:
அந்த நத்தை இப்ப எவ்வளவு தூரம் போயிருக்கும்?

நர்ஸுக்குச் சந்தோஷம், சீனி இறங்கியிருக்கிறது.
தினமும் பத்து மணிக்குமேல் நடக்கிறேன் என்றேன்.
வேலியோரம் கொஞ்சம் நிற்பதைச் சொல்லவில்லை.
ஒரு தட்டிக்கு எட்டுத் திருகாணி.
மூன்று கழன்றாயிற்று. நான்காவது
என் திருப்புளிக்கு அசையவில்லை, முனை சிறிது.

நேற்று இரவு கீத் வாசலில் நின்றார்.
எதைத் தொலைத்தாய் என்று கேட்கவில்லை.
கார் துடைக்கும் துணியில் சுற்றி
எதையோ மதில்மேல் வைத்துவிட்டு
உள்ளே போய்
விளக்கை அணைத்தார்.