காலி எடை

புக்கிட் புத்துஸ் ஏற்றத்தில்
பாதி மலையில் மூச்சு முட்டியது என் செஃபிரோவுக்கு.
மிதித்தால் யோசிக்கிறது.
இன்னும் மிதித்தால் இருமுகிறது.
பின்னால் மரக்கட்டை லோரி ஹார்ன் அடிக்க
இடப்பக்கம் ஒதுங்கி
அபாய விளக்கைத் தட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
தொண்ணூற்றேழாம் வருடத்து வண்டி.
கடன் எப்போதோ முடிந்துவிட்டது,
அதனாலேயே பிடிக்கும்.

பகாவ் பட்டறையில் யோங் மூடியைத் திறந்து
காற்றுக்குழாய் நடுவே ஒரு சின்னப் பெட்டியை
திருப்புளிப் பிடியால் தட்டினான்.
எஞ்சின் நின்றே போனது.
"இதுதான் லா."
பிளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொன்னான்.
ஓடியது, இரண்டாயிரத்து ஐந்நூறு சுற்றைத் தாண்ட மறுத்து;
எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமல்
உத்தேசமாக உலை வைக்கிறவள் போல.

உள்ளே ஒரு கம்பி. மயிரிழை.
எப்போதும் சூடாகவே இருக்க வேண்டும் அதற்கு.
காற்று வந்து ஆற்ற ஆற்ற
இன்னும் கொஞ்சம் மின்சாரம் கேட்டு வாங்கும்.
எவ்வளவு கேட்டதோ அவ்வளவு காற்று;
அந்தக் கணக்குக்குத்தான் பெட்ரோல்.

சிரித்துவிட்டேன்.
செம்பனை ஆலையில் எடைமேடைக்காரி நான்.
பதினோரு வருடமாக
குலையேற்றி வரும் லோரியை ஒருமுறை,
கொட்டிவிட்டுத் திரும்புவதை ஒருமுறை,
கழித்தால் காசு.
காற்றுக்கும் ஒருத்தி உட்கார்ந்து சீட்டு எழுதுகிறாள்
என்று யாரும் சொன்னதில்லை.

ஜப்பான் பெட்டியில், முத்திரையோடு, புதுசு:
எண்ணூற்றைம்பது வெள்ளி. என் சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் கீழே.
பெயரில்லாத பெட்டியில் புதுசு: தொண்ணூறு.
செனவாங்கில் மோதிய வண்டியிலிருந்து கழற்றியது:
இருநூற்றிருபது,
ஏழு நாள் உத்தரவாதம், அதுவும் வாய்ப்பேச்சு.

தொண்ணூறு வெள்ளியை முதலில் மாட்டினோம்.
நின்ற இடத்தில் தங்கமாக முனகியது.
மீட்டரில் வோல்ட்டும் சரி.
தண்ணீர்த்தொட்டி மேட்டில் ஏற்றியதும்
வருகிற காற்றைக் குறைத்துச் சொன்னது,
மிக மரியாதையாக,
எச்சரிக்கை விளக்குகூட எரியாமல்.

அந்த மரியாதை எனக்குத் தெரியும்.

மூன்று வருடம் முன்பு, அடைமழை மாதம்.
எங்கள் மேடை காலியாக இருந்தால் சுழி காட்டும்;
சுமை ஏறினால் டன்னுக்கு எட்டுக் கிலோ விழுங்கும்.
"முத்திரை போடுகிறவர் வரட்டும், அதுவரை எழுது"
என்றார் துணை மேனேஜர்.
எழுதினேன். பத்தொன்பது நாள்.
பாக் இட்ரிஸ் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
"இந்தத் தடவை குலை சின்னது போல" என்று
மரத்தைத்தான் குறை சொன்னார்.
நான் பேனாவை மூடி
அடுத்த லோரியைக் கூப்பிட்டேன்.

செனவாங் கடையில் தர்மசீலன்
துடைத்துப் பளபளவென்று ஒன்றை நீட்டினான்.
வேண்டாம் என்றேன்.
தூசியோடு கிடந்த மூன்றைக் கொட்டச் சொல்லி
எண்ணின் கடைசி எழுத்துவரை ஒப்பிட்டு,
திருகாணித் தலையில் பெயிண்ட் உடையாத ஒன்றை எடுத்தேன்.
"ஓடாத வண்டியில் காட்டாதே, ஏற்றத்தில் என்ன சொல்கிறது பார்ப்போம்."
அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.
"அக்கா எங்க வேலை?"

திங்கட்கிழமை, ஷிப்ட் தொடங்குமுன்,
செஃபிரோவை மேடையில் ஏற்றினேன், சும்மா.
ஆயிரத்து நானூற்றுப் பத்து, நான் உள்பட.
பிறகு இழுப்பறையில் பழைய நகல்களைத் தேடி
அவருடைய இரண்டு சீட்டை எடுத்துப் பெருக்கினேன்.
இருபத்தாறு கிலோ.
பெரிதொன்றுமில்லை. ஒரு குலை, ஒன்றரைக் குலை.

சனிக்கிழமை விடுமுறை.
அவர் வீடு செர்த்திங் பக்கம்,
ஒரு மேட்டில் இருக்கிறது.